கலைஞரிடம் என்ன கேட்பது?

கேள்வி இது: "ஓவியர்கள், சினிமா இயக்குநர்கள், புதிதாக எதையாவது உருவாக்குகிறவர்கள், இவர்களோடு அவர்கள் வேலையைப் பற்றி ஆழமாகப் பேசி, வீடியோவாகவும் எழுத்தாகவும் வெளியிட ஆசைப்படுகிறேன். சிலரிடம் பேசியும் விட்டேன். எல்லோரும் அன்பாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் பதிவைப் போட்டுக் கேட்டால், ஏற்கெனவே பத்து இடத்தில் சொன்னதையே என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள். ஆழமான உரையாடல் எப்படி அமைகிறது? யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் செய்த வேலையில் ஒரே ஓர் இடத்தைத் தொட்டு, "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்த இடத்தைச் சரியாகத் தொடும் அளவுக்கு அவருடைய வேலை முழுவதையும் பார்த்துவிட்டுப் போங்கள். அப்புறம் நேரம் கேட்டு வாங்குங்கள். முதல் மணி நேரத்தில் வராதது ஐந்தாவது மணி நேரத்தில் வரும். இந்த மூன்றும் இருந்தால் சாதாரண ரெக்கார்டர் போதும். இவை இல்லையென்றால் நாலு கேமரா வைத்தாலும் அதே பழைய பதில்கள்தான்.

இதற்கு நான் எப்போதும் காட்டுகிற உதாரணம் 1962 ஆகஸ்டில் ஹாலிவுட்டில் நடந்த ஓர் உரையாடல். கேட்டவர் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா ட்ரூஃபோ, வயது 30. பதில் சொன்னவர் இயக்குநர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக். உரையாடல் தொடங்கிய ஆகஸ்ட் 13 அவருடைய 63ஆவது பிறந்தநாள்.

அது ஏன் நடந்தது என்பதிலேயே பாடம் இருக்கிறது. இயக்குநர் ஆவதற்கு முன் ட்ரூஃபோ பாரீஸில் 'கையே து சினிமா' என்ற பத்திரிகையில் விமர்சகராக இருந்தார். அந்தக் கூட்டம் ஹிட்ச்காக்கைப் பெரிய கலைஞராகக் கொண்டாடியது. அமெரிக்காவிலோ அவர் திகில் படம் எடுக்கிறவர், டிவியில் வந்து நாலு வார்த்தை வேடிக்கையாகப் பேசுகிறவர், அவ்வளவுதான். ட்ரூஃபோ 1962இல் தன் படத்துக்காக நியூயார்க் போனபோது, ஹிட்ச்காக்கை ஏன் இப்படித் தூக்கிவைக்கிறீர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' படம் உங்களுக்குப் பிடிப்பதற்குக் காரணம், அந்தக் கதை நடக்கும் நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் உங்களுக்குத் தெரியாததுதான் என்றார் ஒரு விமர்சகர். அது கிரீன்விச் வில்லேஜைப் பற்றிய படம் இல்லை, சினிமாவைப் பற்றிய படம், சினிமா எனக்குத் தெரியும் என்று ட்ரூஃபோ பதில் சொன்னார். தன் தொழிலில் ஒருவர் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்து உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்ற வேகம் அங்கிருந்து வந்தது. பேட்டி எடுக்கிறவருக்கு இப்படி ஒரு வேகம் உள்ளே இருக்க வேண்டும். 'பிரபலமானவர், கிடைத்தார், பேசினேன்' என்பது போதாது.

அந்த ஜூன் மாதம் ட்ரூஃபோ ஹிட்ச்காக்குக்கு நீண்ட கடிதம் எழுதினார். படித்ததும் கண்ணில் நீர் வந்தது என்று ஹிட்ச்காக் தந்தியில் பதில் சொன்னார். உடனே ட்ரூஃபோ வேலையில் இறங்கிவிட்டார். ஹிட்ச்காக்கின் பழைய பிரிட்டிஷ் ஊமைப் படங்கள் எளிதில் பார்க்கக் கிடைக்காத காலம் அது. பிரஸ்ஸல்ஸ் திரைப்படக் காப்பகத்துக்குப் போய் அவற்றைப் பார்த்தார். கிட்டத்தட்ட 500 கேள்விகளைத் தயார் செய்தார். தன் ஆங்கிலம் போதாது என்று நியூயார்க்கில் பிரெஞ்சு திரைப்பட அலுவலகத்தில் இருந்த ஹெலன் ஸ்காட்டைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் இரண்டு பக்கமும் உடனுக்குடன் மொழிபெயர்த்தார். யுனிவர்சல் ஸ்டூடியோவில் ஒரு வாரம், காலை முதல் மாலை வரை. சாப்பாட்டு வேளையில்கூடப் பேச்சு நிற்கவில்லை. முதல் படத்திலிருந்து வரிசையாக, ஒவ்வொரு படமாக.

அதில் ஓர் இடத்தை மட்டும் கிட்டே வைத்துப் பார்ப்போம். 'வெர்டிகோ' (1958) படத்தில் உயரத்தைக் கண்டு பயப்படுகிற கதாநாயகன் மணிக்கூண்டின் படிக்கட்டில் ஏறும்போது கீழே பார்ப்பான். படிக்கட்டின் நடுக்குழி அப்படியே நீண்டு கீழே இறங்குவது மாதிரி இருக்கும். பார்க்கிற நமக்கும் வயிற்றைப் பிசையும். இதை எப்படி எடுத்தோம் தெரியுமா என்று ஹிட்ச்காக்கே பேச்சை எடுத்தார். அதற்கு ட்ரூஃபோ என்ன கேட்டார் என்பதைக் கவனியுங்கள். "அந்தக் காட்சி அற்புதம்" என்று சொல்லி நிறுத்தவில்லை. கேமராவைப் பின்னால் நகர்த்திக்கொண்டே ஜூமை முன்னால் கொண்டுபோயிருக்கிறீர்கள், சரிதானே என்கிற மாதிரி கேட்டார். கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. எதிரே இருப்பவர் தன் தொழில் தெரிந்தவர் என்று ஹிட்ச்காக்குக்குப் புரிந்துவிட்டது. அதற்கு மேல் அடிப்படையை விளக்கத் தேவையில்லை, வரலாற்றுக்கே போய்விடலாம்.

போனார். ஒரு காலத்தில் லண்டனில் ஆல்பர்ட் ஹாலில் நடந்த ஒரு கொண்டாட்டத்தில் நன்றாகக் குடித்துவிட்டாராம். சுற்றி இருந்த எல்லாமே தன்னைவிட்டுத் தூரமாக நகர்ந்து போவது மாதிரி ஓர் உணர்வு. அதைத் திரையில் கொண்டுவர வேண்டும் என்று தோன்றியது. 'ரெபெக்கா'வில் (1940) கதாநாயகி மயங்கி விழும் இடத்தில் முயன்றார், முடியவில்லை. சிக்கல் என்னவென்றால், பார்க்கிறவரின் இடம் மாறக்கூடாது, ஆனால் தூரம் மட்டும் நீள வேண்டும். 15 வருடத்துக்கு மேல் அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. 'வெர்டிகோ' வந்தபோது கேமரா வைத்த டிராலியையும் ஜூமையும் ஒரே நேரத்தில் எதிரெதிராக ஓட்டி அதைத் தீர்த்தார்கள். படிக்கட்டின் உச்சிக்குக் கேமராவைத் தூக்கி, அதற்கு எதிர்ப்பாரம் கட்டி எடுக்க 50,000 டாலர் ஆகும் என்றார்கள். அந்த ஷாட்டில் ஆளே இல்லையே, சின்ன மாடல் படிக்கட்டு செய்து தரையில் படுக்கவைத்து எடுத்தால் என்ன என்று கேட்டார் ஹிட்ச்காக். 19,000 டாலரில் முடிந்தது.

இந்த ஒரு பதிலில் என்னென்ன வந்துவிட்டது பாருங்கள். ஓர் உடம்பு அனுபவம், தோற்றுப்போன முதல் முயற்சி, நீண்ட காலக் காத்திருப்பு, தொழில்நுட்பத் தீர்வு, செலவுக் கணக்கு. "உங்களுக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டிருந்தால் இதில் ஒன்றுகூட வந்திருக்காது. அந்தக் கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் நல்ல பதில் கிடையாது. அதற்குரிய பதிலும் ஒரு படிக்கட்டு ஷாட்டைப் பற்றிக் கேட்கும்போதுதான் வழியில் வந்து விழுகிறது.

உங்கள் புகாருக்கான பதிலும் இந்தப் பதிவுகளிலேயே இருக்கிறது. ஹிட்ச்காக்கும் முதல் இரண்டு நாள் நன்றாகப் பழகிப்போன கதைகளைத்தான் சொன்னார். ஆள் கதை சொல்லுவதில் கெட்டிக்காரர். மூன்றாம் நாளிலிருந்துதான் குரல் மாறியது என்று ட்ரூஃபோ எழுதியிருக்கிறார். தன் ஏற்ற இறக்கங்களை, ஓடாத படங்களை, எங்கே தப்பானது என்பதை யோசித்து யோசித்துப் பேசினார். எந்தக் கலைஞரிடமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதைகள் ஒரு மூட்டை இருக்கும். அது தீரும் வரை நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? எல்லோரும் அவரிடம் அரை மணி நேரம் கேட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். அரை மணி நேரத்துக்கு அந்த மூட்டையே போதுமே.

பதிவு முடிந்த பிறகு அதைப் புத்தகமாக்க ட்ரூஃபோவுக்கு நாலு வருடம் ஆனது. 1966இல் பிரெஞ்சிலும் மறு வருடம் ஆங்கிலத்திலும் வந்தது. நடுவில் ஹிட்ச்காக் எடுத்த படங்களையும் சேர்த்தார்கள், காட்சிகளை ஃபிரேம் ஃபிரேமாகப் படங்களாகப் போட்டார்கள். பேசியது ஒரு வாரம், கட்டியது நாலு வருடம். அந்த ஒலிப்பதிவுகளைப் பின்னால் பிரெஞ்சு வானொலி ஒலிபரப்பியது. இணையத்தில் கிடைக்கிறது, கேளுங்கள். ட்ரூஃபோவின் பிரெஞ்சு, ஹிட்ச்காக்கின் நிதானமான ஆங்கிலம், இரண்டுக்கும் நடுவில் ஓடி ஓடி இணைக்கிற ஹெலன் ஸ்காட்டின் குரல். புத்தகத்தில் இவ்வளவு வழுவழுப்பாக இருக்கிற பேச்சு உண்மையில் எவ்வளவு கரடுமுரடாக நடந்தது என்று தெரியும்போது, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பெரிய தைரியம் வரும்.

நம் ஊரில் சினிமாப் பேட்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. படம் வெளியாகிற வாரம் ஒரே நாளில், ஒரே ஹோட்டல் அறையில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வரிசையாகப் பல சேனல்களுக்குப் பேசுகிறார்கள். "இந்தப் படத்தில் வேலை செய்த அனுபவம் எப்படி இருந்தது?" "செட்டே ஒரு குடும்பம் மாதிரி இருந்தது." இந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்லவே முடியாது. பேசுகிறவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு திறமையான ஒரு மனிதர் எதிரே இருக்கும்போது கிடைத்த இருபது நிமிடம் இப்படிப் போகிறதே என்றுதான் வருத்தமாக இருக்கிறது.

கும்பகோணம் பக்கம் சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியின் பட்டறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஐம்பொன் சிலை செய்கிற இடம். கேமராவோடு வந்திருந்த ஒருவர், "இந்தக் கலை உங்களுக்கு என்ன தருகிறது?" என்று கேட்டார். "எல்லாம் அவன் செயல்" என்றார் ஸ்தபதி. அடுத்து, "சோழர் காலத்துப் பாரம்பரியத்தைத் தொடர்வது எப்படி இருக்கிறது?" "பெருமையா இருக்குங்க." பேட்டி முடிகிற மாதிரி இருந்தது. கூட வந்திருந்த பெண் சும்மா கேட்டார்: "கையில என்னங்கய்யா வச்சிருக்கீங்க, ஓலையா?"

தென்னை ஓலையில் கிழித்த மெல்லிய நறுக்கு அது. சிலை எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளத்துக்கு ஓலையை வெட்டி, மடித்து மடித்துக் குறிவைப்பார்கள். முகம் இவ்வளவு, கழுத்திலிருந்து மார்பு இவ்வளவு, தொடை இவ்வளவு என்று அளவெல்லாம் அந்த மடிப்பில் இருக்கும். ஸ்கேல் எதுவும் வேண்டாம். சிலை பெரிதானால் ஓலை பெரிதாகும், கணக்கு மாறாது. ஸ்தபதி ஓலையை மடித்துக் காட்டத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் கடலை எண்ணெயையும் சேர்ப்பது, வெயில் காலத்தில் மெழுகு குழைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது, மெழுகு உருவத்தின் மேல் முதல் பூச்சுக்கு ஏன் காவிரி வண்டல் மண்தான் வேண்டும், அது எவ்வளவு மெல்லிய ரேகையையும் எப்படி அப்படியே பிடித்துக்கொள்ளும் என்று போனது பேச்சு. அச்சைச் சுட்டு மெழுகை வடித்த பிறகு உலோகத்தை ஊற்றும் நேரத்தில் பட்டறையில் யாரும் பேசமாட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரலும் தானாகத் தணிந்தது. முதலில் வந்தவர் பக்தியைப் பற்றிக் கேட்டும் கிடைக்காதது, ஓலையைப் பற்றிக் கேட்டவருக்குக் கிடைத்துவிட்டது.

அதனால் முடிந்த வரை பட்டறையிலேயே, ஸ்டூடியோவிலேயே, எடிட்டிங் அறையிலேயே பேசுங்கள். கையில் பொருள் இருந்தால் கை பேசும். ஓவியர் என்றால் பாதியில் நிற்கிற படத்துக்கு முன்னால், எடிட்டர் என்றால் டைம்லைனுக்கு முன்னால், கருவி உருவாக்குகிறவர் என்றால் முதலில் செய்து உடைந்துபோன மாதிரியை மேசை மேல் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

'ஏன்' என்று கேட்பதில் கவனம் வேண்டும். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மனை வைத்து 1983இல் பிபிசி எடுத்த தொடரில் ஒரு புகழ்பெற்ற இடம் இருக்கிறது. இரண்டு காந்தங்கள் ஏன் ஒன்றையொன்று தள்ளுகின்றன என்று கேட்கிறார்கள். ஃபெயின்மன் பல நிமிடங்களுக்குக் கேள்வியையே ஆராய்கிறார். மின்னி அத்தை ஏன் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்? பனியில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தது. சரி, பனி ஏன் வழுக்குகிறது? இப்படி ஒவ்வொரு ஏனுக்கும் பின்னால் இன்னொரு ஏன் உண்டு. எங்கே நிறுத்துவது என்பது கேட்கிறவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதைப் பொறுத்தது என்று விளக்குகிறார். சிலர் அதை எரிச்சல் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது பெரிய மரியாதையாகத் தெரிகிறது. எளிய பொய் ஒன்றைச் சொல்லிக் கேட்டவரை அனுப்பிவைக்க அவருக்கு மனம் வரவில்லை. கலைஞர்களில் பலர் அந்த எளிய பொய்யைச் சொல்லிவிடுவார்கள். "ஏன் இந்த நிறம்?" என்றால் உடனே ஒரு காரணத்தை உண்டாக்கித் தருவார்கள், அதுவும் கேட்கிறவர் மனம் நோகக்கூடாதே என்பதற்காக. "இந்த நிறத்துக்கு முன்னால் வேறு எதை முயன்று பார்த்தீர்கள்?" என்று கேட்டால் நினைவிலிருந்து பதில் வரும்.

பதில் வந்த பிறகு அடுத்த கேள்வி எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். 1953இல் தொடங்கிய 'பாரீஸ் ரிவ்யூ' பத்திரிகை எழுத்தாளர்களோடு நடத்திவரும் உரையாடல்கள் இதற்கு நல்ல பள்ளிக்கூடம். 1958இல் அதன் ஆசிரியர் ஜார்ஜ் ப்ளிம்ப்டன், அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வேயிடம் எவ்வளவு திருத்தி எழுதுவீர்கள் என்று கேட்டார். ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தை 39 தடவை எழுதினேன் என்றார் ஹெமிங்வே. நம்மில் பலர் "அடேயப்பா!" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்போம். ப்ளிம்ப்டன் அங்கேயே நின்றார். அதில் என்ன சிக்கல், எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று கேட்டார். சொற்கள் சரியாக அமைய வேண்டியிருந்தது என்று பதில் வந்தது. எழுதுகிறவர்கள் இன்று வரை அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2012இல் வந்த அந்த நாவலின் பதிப்பில், கையெழுத்துப் பிரதிகளில் கண்டெடுத்த முடிவுகள் அனைத்தையும் சேர்த்தார்கள். எண்ணிக்கை 47 ஆனது.

அப்படியென்றால் கலைஞர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? இதற்கு நல்ல உதாரணம் ஓவியர் பிரான்சிஸ் பேக்கனோடு விமர்சகர் டேவிட் சில்வெஸ்டர் நடத்திய பேச்சு. அதுவும் 1962இல்தான் தொடங்கியது, பிபிசிக்காக. இருபது வருடத்துக்கு மேல் விட்டு விட்டுத் தொடர்ந்தது. புத்தகமாக 1975இல் வந்து, பின்னால் வளர்ந்துகொண்டே போனது. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிற பேக்கனின் 1946ஆம் வருட ஓவியத்தைப் பற்றி அதில் ஓர் இடம். வயலில் வந்து இறங்கும் ஒரு பறவையை வரையத்தான் தொடங்கினாராம். போட்ட கோடுகள் வேறு எதையோ காட்டின. அதன் பின்னால் போனார். கடைசியில் படத்தில் நிற்பது குடைக்குக் கீழே ஒரு மனிதனும், பின்னால் தொங்கும் அறுத்த மாட்டின் உடலும். தற்செயலைத் தான் எவ்வளவு நம்பியிருக்கிறேன் என்று பேக்கன் திரும்பத் திரும்பச் சொன்னார். முன்கூட்டி வரைந்து பார்க்கும் பழக்கம் இல்லை என்றும் சொன்னார். 1992இல் அவர் இறந்த பிறகு, அவர் வரைந்து பார்த்த தாள்கள் வெளிவந்தன. லண்டன் டேட் அருங்காட்சியகமே அப்படிச் சிலவற்றை வாங்கியது.

இதனால் அந்தப் புத்தகத்தின் மதிப்பு எனக்குக் குறையவில்லை. தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று பேக்கன் விரும்பினார் என்பதும் அவரைப் பற்றிய ஒரு செய்திதானே. ஆனால் கேட்கிறவர் கையில் பேச்சு மட்டும் இருந்தால் போதாது, தாள்களும் வேண்டும். உங்கள் விருந்தினரின் பழைய நோட்டுப் புத்தகம், ஸ்டோரிபோர்டு, ஸ்கிரிப்டின் முதல் வடிவம், கைவிட்ட மாதிரி, எது கிடைத்தாலும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நினைவு தவறும் இடத்தில் தாளைக் காட்டினால் போதும். கலைஞருக்கே ஆச்சரியமாக இருக்கும், அங்கிருந்து புதிய பேச்சு பிறக்கும்.

சில்வெஸ்டரிடம் கற்க வேண்டியது இன்னொன்று. வெவ்வேறு நாள் பேசியதை வெட்டி ஒட்டித்தான் இந்த உரையாடல்களை அமைத்தேன் என்று அவரே முன்னுரையில் எழுதியிருக்கிறார். வெட்டுவது தவறில்லை. ஒரு பதிலை வேறு கேள்விக்கு ஒட்டி அர்த்தத்தை மாற்றுவதுதான் தவறு. தலைப்புக்காகவும் தம்ப்நெயிலுக்காகவும் அப்படிச் செய்தால், அடுத்த தடவை அந்த மனிதர் கதவைத் திறக்கமாட்டார். அவருடைய நண்பர்களும் திறக்கமாட்டார்கள்.

கேட்கிறவர் அதே துறைக்காரராகத்தான் இருக்க வேண்டுமா? தேவையில்லை. கொழும்பில் பிறந்து கனடாவில் வாழும் நாவலாசிரியர் மைக்கேல் ஒண்டாச்சி, சினிமா எடிட்டர் வால்டர் மர்ச்சோடு பேசி 2002இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒண்டாச்சியின் நாவல் படமானபோது அதற்கு எடிட்டிங்கும் ஒலிக்கலவையும் செய்தவர் மர்ச். இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கினார். ஒண்டாச்சிக்கு எடிட்டிங் தொழில் இல்லை. ஆனால் எழுதியதை மாற்றி மாற்றி அடுக்குவது என்றால் என்ன என்று அவருக்கு உடம்பிலேயே தெரியும். அந்த உறவிலிருந்து கேட்டார்.

மர்ச் நின்றுகொண்டுதான் எடிட் செய்வார். தியேட்டர் திரை எவ்வளவு பெரியது என்பது மறந்துவிடாமல் இருக்க, எடிட்டிங் திரையின் ஓரத்தில் காகிதத்தில் வெட்டிய சின்ன மனித உருவங்களை ஒட்டிவைப்பார். அந்தக் காகித மனிதர்கள் பக்கத்தில் இருக்கும்போது திரை பிரம்மாண்டமாகத் தெரியும், ஒரு முகத்தை எவ்வளவு நேரம் வைக்கலாம் என்ற முடிவே மாறும். 'காட்ஃபாதர்' படத்தில் கதாநாயகன் மைக்கேல் ஹோட்டலில் இரண்டு பேரைச் சுடுவதற்கு முந்தைய நொடிகளில் ரயில் சத்தம் ஒன்று ஏறிக்கொண்டே வருமே, அது மர்ச்சின் வேலை. படத்தில் ரயிலே காட்டமாட்டார்கள். அந்த இடத்தில் இசையும் கிடையாது. அந்தச் சத்தம் மைக்கேலின் மண்டைக்குள் நடப்பதைத்தான் நமக்குச் சொல்கிறது. எத்தனையோ தடவை பார்த்த படத்தை இப்படி ஒரு பேச்சுக்குப் பிறகு பார்த்தால் காது புதிதாகத் திறந்துகொள்கிறது. நல்ல உரையாடலால் வாசகருக்குக் கிடைக்கும் லாபம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்தில், சினிமா விமர்சகர் பரத்வாஜ் ரங்கன் இயக்குநர் மணிரத்னத்தோடு நடத்திய நீண்ட உரையாடல் 2012இல் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தது. பிறகு தமிழிலும் வந்தது. 1983இல் கன்னடத்தில் வந்த மணிரத்னத்தின் முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போகிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது இருவரும் ஒத்துப்போகாத இடங்கள். விமர்சகர் ஒரு காட்சிக்கு அழகான உட்பொருள் கண்டுபிடித்துச் சொல்வார். அப்படி யோசிக்கவில்லை என்று இயக்குநர் நகர்ந்துவிடுவார். ரங்கன் அந்த இடங்களை வெட்டாமல் விட்டிருக்கிறார், அது சரியான முடிவு. விமர்சகர் படத்தில் காண்பதும் எடுத்தவர் எடுக்கும்போது நினைத்ததும் இரண்டும் உண்மைதான். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும்போது வாசகன் தானாக யோசிக்கத் தொடங்குகிறான்.

எழுத்தாக வெளியிடும்போது தமிழில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பேசுவது ஒரு தமிழ், அச்சில் போடுவது வேறு தமிழ். "நான் அப்ப என்ன பண்ணேன்னா" என்று ஆரம்பித்த மனிதரை "நான் அப்போது என்ன செய்தேன் என்றால்" என்று மாற்றினால், மதுரைக்காரரும் நாகர்கோவில்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் ஒரே குரலில் பேசத் தொடங்கிவிடுவார்கள். முழுக்கப் பேச்சாகவே விட்டால் நாலு பக்கத்துக்கு மேல் படிக்கக் கண் வலிக்கும். நான் கடைப்பிடிக்கிற வழி இது: விளக்கமாகப் போகும் பகுதிகளை எளிய எழுத்துத் தமிழில் தருவேன். அவர் ஒரு காட்சியை நடித்துக் காட்டும் இடம், யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்லும் இடம், சட்டென்று உணர்ச்சி ஏறும் இடம், இவற்றை அவர் வாயிலிருந்து வந்தபடியே விடுவேன். தொழில் சொற்களைத் தொடவே மாட்டேன். கருமான், தச்சர், லைட்மேன், யாராக இருந்தாலும் அவர்களுடைய சொல்தான். வாசகனுக்குப் புரியவில்லை என்றால் முன்னாலோ பின்னாலோ ஒரு வரி சேர்த்தால் போகிறது.

மௌனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதில் முடிந்தது போலத் தோன்றும்போது உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். நாலு நொடி சும்மா இருங்கள். நமக்கு அது ரொம்ப நீளமாகத் தெரியும். எதிரே இருப்பவர் அந்த இடைவெளியில் தான் சொன்னதை மனதுக்குள் திரும்பப் பார்த்து, "இல்ல, அது முழுசா சரியில்ல..." என்று தொடங்குவார். பெரும்பாலும் அந்த இரண்டாவது பதில்தான் நீங்கள் தேடி வந்தது. "ஆமாம் ஆமாம், சூப்பர் சார்" என்று நடுவில் விழுகிற நம் குரல் அதைக் கொன்றுவிடும். ஆடியோவுக்கும் கெடுதல்.

வெளியிடுவதற்கு முன் அவரிடம் காட்டலாமா என்பதில் ஆளுக்கு ஒரு கொள்கை. 'பாரீஸ் ரிவ்யூ'வில் எழுத்தாளரே பார்த்துத் திருத்தும் வழக்கம் உண்டு. அதனால்தான் அந்தப் பேட்டிகள் அவ்வளவு செறிவாக இருக்கின்றன. செய்தி சார்ந்த பேட்டி என்றால் நான் காட்டமாட்டேன். வேலையைப் பற்றிய உரையாடல் என்றால் காட்டுவேன். லென்ஸ் எண், வருடம், உலோகத்தின் விகிதம், ராகத்தின் பெயர் ஆகியவற்றில் பிழை வந்தால் அது காலத்துக்கும் நின்றுவிடும். அவற்றைத் திருத்தட்டும். தான் யாரையோ பற்றிச் சொன்ன ஒரு வார்த்தை உறுத்துகிறது என்றால் அதையும் எடுத்துவிடுவேன். வேலையைப் பற்றிச் சொன்ன எதையாவது எடுக்கச் சொன்னால் மட்டும் உட்கார்ந்து பேசிப் பார்ப்பேன்.

கடைசியாக, யாரிடம் போவது? பெரிய பெயர்களுக்குப் பின்னால் ஓட வேண்டாம் என்பேன். அவர்களிடம் ஏற்கெனவே எல்லோரும் கேட்டுவிட்டார்கள். கோடம்பாக்கத்தில் ஃபிலிம் காலத்தில் வேலை செய்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூவியோலா என்ற பழைய எடிட்டிங் இயந்திரத்தில் எடிட் செய்தவர்கள், நெகட்டிவ் வெட்டியவர்கள், லேபில் ஷாட் ஷாட்டாக நிறம் சரிபார்த்தவர்கள், ஒரு காட்சி மங்கி இன்னொன்றாக மாறும் டிசால்வை ஆப்டிகல் இயந்திரத்தில் போட்டவர்கள், பாடல் பதிவுக்கு நூறு வாத்தியக்காரர்களை ஒரே அறையில் உட்காரவைத்து மைக் வைத்தவர்கள். டிஜிட்டல் வந்த பிறகு அந்தக் கைவேலை பெரும்பாலும் நின்றுவிட்டது. அவர்களிடம் யாரும் மூன்றாம் நாள் வரை உட்கார்ந்து பேசியதில்லை. வயதும் ஆகிறது. முதலில் அவர்களிடம் போங்கள். அவர்கள் வேலை செய்த ஒரு படத்தை லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு போய், ஒரு காட்சியை ஓடவிட்டு, இரண்டு ஷாட் சேரும் இடத்தில் நிறுத்தி, இந்த வெட்டை அன்றைக்கு எப்படிப் போட்டீர்கள் என்று கேளுங்கள்.